இசிப்பிங்கோவில் எங்கள் குடும்பம் எப்போது வந்தது? எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கடலோரப்பேரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ ரெயிலில் (ஊரின் ரெயில் நிலையப் பகுதிக்கு அதுதான் பெயர்) பிறந்தவன். இப்போது வேலை ஜோகன்னஸ்பர்க்கில். கொஞ்ச நாளாக ஒரு யோசனை, எங்கள் குடும்பக் கதையைப் பிடித்துக்கொண்டே போய் ஊர்க் கதையை எழுதலாமா என்று. ஏனென்றால் இசிப்பிங்கோ என்று இணையத்தில் தேடினால் டிக் கிங் கதைதான் வருகிறது, 1842ல் குதிரையில் கிரஹாம்ஸ்டவுன் வரை போனார், அதற்குப் பரிசாக இங்கே பண்ணை கொடுத்தார்கள், இங்கேயே சர்க்கரை ஆலை நடத்தி 1871ல் இறந்தார். சரி, அது அவர் கதை. அந்த ஆலைகளுக்கும் கரும்புக்கும் கை கொடுத்தவர்கள் யார், மாரியம்மன் கோயில் ஏன் சரியாக அந்த இடத்தில் வந்தது, கடற்கரையில் யார் இருந்தார்கள், ரெயில் பக்கம் யார் இருந்தார்கள், இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை.

வீட்டில் சொல்லும் கதை: அப்பாவின் தாத்தா ட்ரூரோ கப்பலில் வந்தார், கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தார், அப்புறம் வலை போட்டு மீன் பிடித்தார், மாரியம்மன் கோயிலுக்குக் கல் தூக்கினார். கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம், அவருடைய கல்யாணப் பதிவின் நகல். அதில் இரண்டு எண்கள் இருக்கின்றன, எது யாருடையது என்று புரியவில்லை. அவர் பெயரோ அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் பத்துப் பேர் வைத்திருந்த பெயர். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?


சாட்ஸ்வொர்த் ஆன்ட்டி எழுதியது:

தம்பி, முதலில் ட்ரூரோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுதிய நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மெட்ராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16ல் டர்பனுக்கு வந்த முதல் கப்பல் அது, அதில் வந்தவர்கள் 342 பேர். நாட்டாலில், அதாவது டர்பன் இருக்கிற இந்த மாகாணத்தில், எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் எங்கள் தாத்தா ட்ரூரோவில் வந்தார் என்கிறார்கள். அத்தனை பேரும் ஏறியிருந்தால் அந்தக் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்திலேயே முழுகியிருக்கும். 1911 வரை 384 தடவை கப்பல்கள் வந்தன, மொத்தம் வந்தவர்கள் 1,52,184 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் வழி. ட்ரூரோ பெயர் மட்டும் பள்ளிக்கூடத்திலும் மேடையிலும் திரும்பத் திரும்பக் கேட்டதால் எல்லோர் வாயிலும் நின்றுவிட்டது. அதனால் கப்பல் பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வை. எண்ணைப் பிடி.

அந்த எண்தான் எல்லாம். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு கலோனியல் நம்பர் கொடுத்தார்கள், ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாகப் போகும். கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் தழும்பு, மச்சம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை இருக்கும். பெயரைக் கொண்டு தேடினால் தலை சுற்றிவிடும், எழுதின குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பான், முனுசாமி ஒரு கப்பலில் மூன்சாமி, இன்னொன்றில் முனியசாமி. எண் கிடைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பதிவேடுகளைப் பார்க்க குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, டர்பனில் 1860 ஹெரிடேஜ் சென்டரிலும் கேட்கலாம். பட்டியலைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள்.

உன் காகிதத்தில் இரண்டு எண் இருக்கிறதென்றால் ஒன்று மாப்பிள்ளையுடையது. மற்றது பெண்ணுடையதாக இருக்கலாம். பெண் இங்கே பிறந்தவளாக இருந்தால் அவளுக்குச் சொந்த எண் இருக்காது, இன்னாருடைய மகள் என்று தகப்பன் எண்ணைப் போட்டிருப்பார்கள். எண்கள் எத்தனை இலக்கம் என்று சொல், அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய பெண்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே போன் போடு. ஆண்கள் கப்பல் கதை சொல்வார்கள், பெண்களுக்குத்தான் யார் யாருக்குச் சம்பந்தி, எந்தத் தோட்டத்து லைனில் யார் அண்டை வீடு என்பது ஞாபகம் இருக்கும்.


பழைய_வாத்தியார் எழுதியது:

ஆன்ட்டி சொன்னது சரி. ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். கேள்வி குடும்பத்தைப் பற்றி மட்டும் இல்லையே, ஊரைப் பற்றியும்தானே. அப்படியானால் ஊரின் தேதிகளை முதலில் வரிசையாக எழுதிக்கொண்டு, குடும்பக் கதை அதில் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இசிப்பிங்கோ ரெயில் மாரியம்மன் கோயில் 1870ல் தொடங்கியது என்கிறார்கள். 1866ல் நாட்டாலில் பணமுடை வந்து ஆள் எடுப்பது நின்றுபோனது, மறுபடி கப்பல் வந்தது 1874ல்தான். நடுவில் எட்டு வருஷம் ஒரு ஒப்பந்தக் கப்பல்கூட இல்லை. அப்படியானால் 1870ல் கோயிலுக்குக் கல் தூக்கியவர் யாராக இருந்தாலும் 1866க்குள் வந்தவராகத்தான் இருக்க வேண்டும். அந்த முதல் அலையில் வந்தவர்கள் 6,445 பேர்தான். ஆக, உங்கள் பூட்டனாரின் எண் 6,445க்குக் கீழே இருந்தால் கோயில் கதை நிற்கும், மேலே போனால் நிற்காது.

அந்த ஆட்கள் எந்த நிலையில் கோயில் எழுப்பினார்கள் என்பதையும் யோசியுங்கள். மாதக் கூலி முதல் வருஷம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு படி. ஐந்து வருஷம் முடிந்தவன் விடுதலை ஆள், இன்னொரு ஐந்து வருஷம் இருந்தால் ஊருக்குத் திரும்ப இலவசக் கப்பல். 1870 சட்டப்படி கப்பல் வேண்டாம் என்பவருக்குப் பதிலாக அரசு நிலம் கொடுக்கலாம் என்றார்கள், கிடைத்தது மிகச் சிலருக்கே, 1891ல் அதையும் எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் வெள்ளைக்காரர் நிலத்தில் குத்தகைக்குக் காய்கறி போட்டார்கள். ஆற்றோரத்து வண்டல், டர்பன் சந்தை கூப்பிடு தூரம், இசிப்பிங்கோ மாதிரி இடத்தில் ஆள் தங்கியதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. திருவிழா ஈஸ்டரில் வருவதுகூடத் தோட்டத்து வழக்கம்தான், தோட்டத்துக்காரன் லீவு விட்டது புனித வெள்ளிக்கு, அதனால் அம்மன் அன்றைக்கு வந்துவிட்டாள்.

இப்போது ஒரு முக்கியமான கேள்வி. உங்கள் குடும்பம் இசிப்பிங்கோவில் எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது? சிரிக்காதீர்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950ல் வந்தது, அறுபதுகளில் இசிப்பிங்கோவை இந்தியர் பகுதி என்று அறிவித்தபின் வேறு இடங்களிலிருந்து விரட்டப்பட்ட நிறையக் குடும்பங்கள் அங்கே வந்தன. கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர் வீடுகளை வாங்கிப் போனவர்களும் உண்டு. அந்தப் பேரப்பிள்ளைகள் இன்று நாங்கள் தலைமுறை தலைமுறையாக இசிப்பிங்கோ என்று சொல்வார்கள், அவர்கள் தாத்தா, டர்பனில் அப்படி விரட்டப்பட்ட இடங்களில் ஒன்றான கேட்டோ மேனரில் இருந்திருப்பார். தவறு ஒன்றும் இல்லை, ஆனால் ஊர் வரலாறு எழுதுகிறவர் இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் பாருங்கள். அந்தக் காலத்து இந்தியப் பள்ளிகள் பலவும் ஊர்க்காரர்கள் பாதிப் பணம் போட்டு, அரசு பாதி போட்டுக் கட்டியவை, பதிவேட்டில் தகப்பன் பெயரும் முகவரியும் வேலையும் இருக்கும். நாற்பதுகளில் உங்கள் தாத்தா பெயர் அங்கே இருந்தால் வேர் உறுதி.


வலைக்காரன்_மகள் எழுதியது:

மீன் பிடித்தார் என்று படித்ததும் நிறுத்திவிட்டேன், எங்கள் வீடும் அதுதான். வலை போட்டார் என்றால் எங்கே போட்டார் என்று கேளுங்கள், லகூனிலா (ஆற்று முகத்துக் காயல்), திறந்த கடலிலா, டர்பன் பேயிலா (துறைமுக விரிகுடா)? ஏனென்றால் டர்பன் பேயில் சாலிஸ்பரி தீவில் நம் ஆட்களின் மீனவக் குடியிருப்பு ஒன்று இருந்தது, தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள், ஒப்பந்தம் முடித்து வந்து குடிசை போட்டவர்கள். கரைவலைதான் தொழில், வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக் கரையிலிருந்து இழுப்பது. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் தீவைக் கடற்படைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஃபின்லண்ட்ஸ் பக்கம் போனார்கள், அப்புறம் குரூப் ஏரியாஸ் வந்து அங்கிருந்தும் எடுத்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் போட்டது. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வலையை எங்கே காயப்போடுவது? எங்கள் தாத்தா சார்டின் மீன் கூட்டம் வரும் ஜூன், ஜூலையில் மட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தெற்குக் கரைக்கு ஓடிவிடுவார், மற்ற மாசம் தொழிற்சாலை.

இதில் ஒரு வேடிக்கை. 1961ல் அதே சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில், இந்தியர்களுக்கென்று கல்லூரி ஆரம்பித்தார்கள். மீனவர்களை எடுத்துவிட்ட தீவுக்கே அவர்கள் பேரப்பிள்ளைகள் படகில் படிக்கப் போனார்கள். அந்தக் கல்லூரிதான் பிறகு வெஸ்ட்வில்லுக்குப் போனது, ஆன்ட்டி சொன்ன ஆவண மையம் இருப்பதும் அந்த வளாகத்தில்தான்.

இசிப்பிங்கோவில் வலை என்றால் ஆறும் லகூனும் அப்போது வேறு மாதிரி இருந்தன என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்து ரீயூனியன் சமவெளியில் 1951ல் விமான நிலையம் வந்தது, பிராஸ்பெக்டன் கரும்புக் காடு இன்று டொயோட்டா தொழிற்சாலை, இதற்கெல்லாம் இடம் பண்ண ஆற்றையே திருப்பினார்கள். பழைய வரைபடத்தைப் பார்க்காமல் பூட்டனார் எங்கே நின்று வலை இழுத்தார் என்று இன்றைய கரையில் தேடினால் கிடைக்காது.


ஆர்க்காட்டான் எழுதியது:

நான் இந்த ஊர்க்காரன் இல்லை, திருவண்ணாமலைப் பக்கம், டர்பனில் கணினி வேலைக்கு வந்தவன். இங்கே நண்பர்கள் கப்பல் பட்டியலைக் காட்டி இந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கேட்டே எனக்கு இது பழகிவிட்டது. ஜில்லா என்ற இடத்தில் நார்த் ஆர்க்காட், செங்கல்பட்டு, சவுத் ஆர்க்காட், சேலம், தஞ்சாவூர், விசாகப்பட்டினம் இப்படித்தான் இருக்கும். இன்றைய வரைபடத்தில் நார்த் ஆர்க்காட் என்று ஒன்று கிடையாது. அந்தக் காலத்து வட ஆர்க்காட்டில் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, போளூர் பக்கம் எல்லாம் அடங்கும், அது மட்டுமில்லை, சித்தூரும் திருப்பதியும்கூட அதில்தான். சித்தூர் தனி ஜில்லா ஆனதே 1911ல், உங்கள் கடைசிக் கப்பல் வந்த வருஷம். அதனால் நார்த் ஆர்க்காட் என்று போட்டிருப்பதால் மட்டும் வீட்டில் தமிழ் பேசினார்கள் என்று முடிவு செய்ய முடியாது, தெலுங்காகவும் இருக்கலாம். தாலுகா பெயரைப் பார்த்தால்தான் தெரியும்.

சாதிக் கட்டத்தை ரொம்ப நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஆள் பிடிக்கிற ஏஜென்ட் எந்த ஆளை எடுப்பார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொல்வான், ஆளும் சொல்லிவிடுவான். இங்கே வந்தபின் கோவெந்தர், படையாச்சி, மூட்லி என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டதும் எல்லா வீட்டிலும் அந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகாது. தகப்பன் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்ட வீடுகளும் எத்தனையோ.


கடலோரப்பேரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஆன்ட்டி சொன்னபடி பெரிய அத்தைக்குப் போன் போட்டேன். அவர்களிடம் தகர டப்பாவில் இன்னொரு காகிதம் இருந்திருக்கிறது, படம் எடுத்து அனுப்பினார்கள். பூட்டனார் பெயரில் மூன்று பவுன் வரி கட்டிய ரசீது. எண்ணும் இருக்கிறது, கல்யாணக் காகிதத்தின் முதல் எண்ணும் அதுவும் ஒன்றே, ஐந்து இலக்கம். இரண்டாவது எண் நாலு இலக்கம், 3 என்று தொடங்குகிறது. இசிப்பிங்கோவில் தாத்தா பிறந்தது உறுதி என்கிறார்கள் அத்தை, குரூப் ஏரியாஸில் வந்தவர்கள் இல்லையாம். கேட்டோ மேனர் என்று சொன்னதற்குக் கோபம் வேறு. ஆனால் வலை போட்டது பூட்டனார் இல்லையாம், பூட்டியின் தகப்பனாராம்!


பழைய_வாத்தியார் எழுதியது:

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ரசீது ஒன்றே போதும், பாதிக் கதை தீர்ந்தது. மூன்று பவுன் வரி 1895ம் வருஷத்து 17ம் சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்து, காலம் முடிந்தும் திரும்பிப் போகாமல், மறுஒப்பந்தமும் எழுதாமல் இங்கேயே தங்கியவர்கள் மேல் போட்டது, பிறகு அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் மேலும். முதல் வருஷக் கூலி மாதம் 10 ஷில்லிங் என்றால் மூன்று பவுன் ஆறு மாதக் கூலி, வருஷா வருஷம். 1913 வேலைநிறுத்தம் அதற்காகத்தான் வந்தது, 1914ல் வரி போனது. ஆக உங்கள் பூட்டனார் வந்தது 1895க்குப் பிறகு. ட்ரூரோவும் இல்லை, 1870 கோயிலும் இல்லை.

ஆனால் அந்த நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 3 என்று தொடங்கும் நாலு இலக்கம் 6,445க்குக் கீழே, அதாவது முதல் அலை. அது பூட்டியின் தகப்பனார் எண்ணாக இருந்தால், அந்த ஊரில் முதலில் கால் வைத்தவர் அவர்தான், கோயிலுக்குக் கல் தூக்கியதும் அவராக இருக்கலாம், வலை போட்டதாக அத்தை சொல்வதும் அவரைத்தானே. பிறகு வந்த மாப்பிள்ளை அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்து அங்கேயே நின்றிருக்கிறார். கதை உண்மையாக இருக்கலாம், ஆளை மட்டும் மாற்றிவிட்டார்கள். குடும்பப் பெயர் ஆண் வழி போவதால் எல்லாப் பெருமையையும் மாப்பிள்ளை தலையில் ஏற்றிவிட்டார்கள், நிறைய வீட்டில் இப்படித்தான்.


சாட்ஸ்வொர்த் ஆன்ட்டி எழுதியது:

பார்த்தாயா, பெண் வழியில் போனால்தான் ஊர் வரும். அந்தக் காலத்தில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதுதான் கப்பல் கணக்கு, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண் இருக்கிற வீடு என்றால் புதிதாக வந்தவனுக்கு அதுதான் வேர் பிடிக்கிற இடம். எங்கள் வீட்டிலும் அப்படியே.

இனி பெயரைத் தேடாதே. நாலு இலக்க எண்ணைக் கொடுத்து முதலாளி யார் என்று முதலில் பார். பிறகு அதே முதலாளி பெயரை வைத்து, 1866க்கு முன் வந்த எல்லோரையும் அந்தப் பட்டியலில் எடு. இசிப்பிங்கோவின் முதல் தமிழ்க் குடிகள் யார் யார் என்பதற்கு ஒரு வரைவு உன் கையில் வந்துவிடும், குடும்பத்தை விட்டு ஊருக்குப் போகிற வழி அதுதான். தோட்டத்தில் அடி, படி குறைவு, ஓடிப்போனது, ஆஸ்பத்திரி, இந்த மாதிரி விஷயம் வேண்டுமென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகள் இருக்கின்றன, புகார் கொடுத்தவர்களின் வாக்குமூலமே இருக்கும். போகிறதுக்கு முன் இணையத்தில் கோப்பு எண்ணைத் தேடி எழுதிக்கொண்டு போ, வெறும் கையோடு போனால் நாள் வீணாகும். எங்கள் பாட்டியார் தகப்பனும் தெற்குக் கரைத் தோட்டம்தான், உனக்கு முதலாளி பெயர் கிடைத்ததும் இங்கே போடு, ஒன்றாக இருந்தால் என்னிடம் இருக்கிற பட்டியலை அனுப்புகிறேன்.


கடலோரப்பேரன் எழுதியது:

அடுத்த மாசம் டர்பன் வருகிறேன் ஆன்ட்டி, முதல் வேலை வெஸ்ட்வில்தான். பெரிய அத்தையும் கூட வருவேன் என்கிறார்கள், கேட்டோ மேனர் விஷயத்தில் வாத்தியாரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம்.